'கேட்டாங்களா?' என்று கேட்டவளுக்கு

இன்றைக்குக் காலையில் என் வீட்டு மதிலில் சிவப்புப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நான் பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றேன். வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான் முன்னுக்கு வந்து பார்த்தேன். தொப்பி போட்ட ஓர் ஆள், கையில் பெயின்ற் வாளியோடு அடுத்த வீட்டு மதிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"தம்பி, இதென்ன?" என்றேன்.

"பதுளை றோட்ட அகலமாக்கப் போறம் அன்ரி. கோட்டுக்கு இஞ்சால கிடக்கிறது உடைபடும்."

"ஆரிட்டக் கேட்ட நீங்க?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. காது கேளாதவளுக்குச் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார். "ஓடர் வந்திரிக்கு அன்ரி. ஓடர்!"

நீ பக்கத்தில் நின்றிருந்தால் செங்கலடிச் சந்தி வரைக்கும் கேட்கச் சிரித்திருப்பாய். உத்தியோக காலமெல்லாம் மற்றவர்களின் வளவுக்குள் கட்டை அடித்துத் திரிந்த கிராம சேவகரின் மதிலிலேயே கோடு! எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த மனிதர் மேல்கூட இல்லை, உன் மேல். நீ ஒருத்தி என் வாழ்க்கையில் வராமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி என் வாயில் வந்திருக்காது. ஓடர் என்றால் ஓடர் என்று உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்திருப்பேன். இப்போது காலை முழுக்க மேசைக்கு முன்னால் குந்தியிருந்து பிரதேச செயலகத்துக்கு ஆட்சேபம் எழுத வேண்டியதாகப் போயிற்று. எனக்கு றோட்டு வேண்டும், அம்புலன்ஸ் வேகமாகப் போக வேண்டும், கேட்டிருந்தால் மதிலை நானே இடித்துத் தந்திருப்பேன் என்று எழுதினேன். அதை வாசிக்கப் போகிறவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி நான் நினைத்ததைத்தான் நினைப்பார். இந்த மனுசிக்குத் தலை பிசகிவிட்டது என்று.

நீயும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. படித்து முடிய நான் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனேன். நீ கல்யாணம் முடித்து, சீதனமாகக் கிடைத்த வளவில் இருந்தாய். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நாடா மாதிரிக் கிடக்கும் அந்த ஊரில், இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும் வளவு அது. என்னை ஏதோ பகை பிடித்த கை அதே ஊருக்குக் கிராம சேவகராகப் போட்டது. அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று.

உன் மகள் தர்ஷினி தவழத் தொடங்கியிருந்த காலத்தில்தான் உன் புருசன் மண்ணெண்ணெய் வாங்க ரவுணுக்குப் போனார். திரும்பி வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆமிக் காம்புக்குப் போனாய். எங்களிடம் இல்லை என்றார்கள். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய் இயக்கத்திடம் கேட்டாய். எங்களிடமும் இல்லை என்றார்கள். கடைசியாக என் கந்தோருக்கு வந்து கதிரையில் இருந்தாய். நீ அழுவாய் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். நீ அழவில்லை.

"ரெண்டு பேர்ல ஒருத்தன் எடுத்திரிக்கான் புள்ள," என்றாய். "ஆரெண்டு எனக்குத் தெரியாது. தெரியாட்டி, ரெண்டு பேரும் எனக்கு ஒண்டுதான்."

பிற்காலத்தில் உன்னுடைய கொள்கை என்று ஊர் பகிடி பண்ணியதெல்லாம் அந்தக் கதிரையில் முளைத்தது. எந்தப் புத்தகத்தையும் படித்து நீ அதற்கு வரவில்லை. நீ தொடங்கிய கொமினிகேசன் கடைக்கு வெளிநாட்டுக்கு டெலிபோன் பேச வந்த வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், நீ யாரோடோ வாதாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, இதற்குத் தனிமனித சுதந்திரவாதம் என்று ஒரு பேர் இருக்கிறது என்று சொன்னார். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோசம். நீ மீதிச் சில்லறையை அவர் கையில் வைத்துவிட்டு, "பேர் வச்சா மறுகா அதுக்கு ஒரு சங்கம் வைப்பாங்க சேர். சங்கம் வச்சா வீட்ட வந்து சந்தா கேப்பாங்க," என்றாய்.

உன் சட்டம் மூன்றே வசனம். ஆள் ஆளுக்குத்தான் சொந்தம். கேக்காம எடுக்காத. எடுத்துப்போட்டு உன்ட நல்லதுக்குத்தான் எடுத்தன் எண்டு சொல்லாத. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அதோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்க வந்தவர்களைப் படலையிலேயே திருப்பி அனுப்பினாய். மறுநாள் நீயாகப் போய் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்கினாய். கோயில் தலைவர் என்னிடம் வந்து, "அந்த மனுசிக்கு என்னதான் வேணும் ஜீ.எஸ். அம்மா?" என்று தலையில் கை வைத்தார். உன்னிடம் வந்து கேட்டேன். "வரியா கேட்டா தரமாட்டன். உதவியாக் கேட்டா தருவன். ஒரே அரிசிதான், ஆனா ஒண்டில்ல," என்றாய். இதைப் போய் அந்தத் தலைவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது?

சமாதான காலத்தில் ஒரு பின்னேரம் உன் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இயக்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"வீட்டுக்கு ஒரு ஆள் அக்கா. எல்லா வீடும் குடுக்குது."

"குடுக்கிறதுக்கு அவள் என்ட ஆடா மாடா தம்பி? அவள் அவள்ட ஆள். அந்தா நிக்காள். அவளிட்டயே கேளுங்க."

பதினைந்து வயதுத் தர்ஷினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளே சொன்னாள். "நான் வரல்ல அண்ணன்."

"சின்னப் புள்ளைக்கு என்னக்கா தெரியும்?"

"ஒண்டும் தெரியாத புள்ளைக்கு ஏன் தம்பி துவக்கக் குடுக்கப் போறீங்க?"

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்து, "மண்ணுக்காகத்தான் அக்கா," என்றார். "மண் எனக்கும் இரிக்கு. இந்தா காலுக்குக் கீழ கிடக்கு. அது ஆரையும் கேக்கல்ல," என்றாய். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் உன்னை ஏசிய ஏச்சு உனக்கு நினைவிருக்கும். பிள்ளையை இப்பவே செங்கலடிக்கு என் வீட்டுக்கு அனுப்பு என்று கத்தினேன். நீ என்ன சொன்னாய்? "என்னிட்டக் கேக்காத. அவளிட்டக் கேளு." வீடு எரிகிறபோதும் கதவைத் தட்டி அனுமதி கேட்கிறவள் நீ. அவர்கள் மறுபடி வருவதற்குள் அவர்களுக்குள்ளேயே பிளவு வந்து, கிழக்கில் எல்லாம் தலைகீழானது. தர்ஷினி தப்பினாள். உன் கொள்கையால் தப்பினாள் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதிர்ஷ்டத்தால் தப்பினாள்.

அந்த வருசம் முடியும்போது கடல் வந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் வெளிநாட்டுப் பேச்சு அதிகம் இருக்கும் என்று நீயும் மகளும் வாவிப் பக்கம் இருந்த கடையைத் திறக்கப் போயிருந்தீர்கள். உன் அம்மா மட்டும் வீட்டில். கடல் ஊரைக் கடந்து வாவிக்குள் விழுந்தது. மகளைக் கடைக்குப் பின்னால் இருந்த வேம்பில் தள்ளி ஏற்றிவிட்டு நீயும் ஏறினாய். தண்ணீர் வடிந்த பிறகு வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரையும் கிணறும் ஒரு சுவரும் மட்டும் நின்றன. அம்மாவை மறுநாள் படுவான்கரை மீனவர் ஒருவர் வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் கண்டு, தன் சாரத்தை அவிழ்த்து மூடி, தோணியில் கொண்டுவந்து இறக்கினார். அவர் பேரைக்கூட நமக்குச் சொல்லவில்லை.

அகதிகளாகப் பள்ளிக்கூடத்தில் இருந்த முதல் நாட்களில் அரசாங்க லொறி வருமுன் சோறு வந்தது. படுவான்கரையிலிருந்து தோணி தோணியாக வந்தது. ஏறாவூர்ப் பக்கமிருந்து முஸ்லிம் வியாபாரிகள் பிடவைக் கட்டுகளை இறக்கிவிட்டுப் போனார்கள். நான் தூக்கமில்லாமல் ஓடித் திரிந்தேன். நீ ஒரு மூலையில் குந்தியிருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாய்.

"பாத்தயா புள்ள? என்ட அம்மாவக் கொண்டந்தவனுக்கு ஆரு ஓடர் போட்ட?"

அம்மா செத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை! அப்போதும் வாதம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் விடவில்லை. "ஒழுங்கான அரசாங்கம் ஒண்டு இரிந்து, கடல் வருது எண்டு ஒரு மணி அடிச்சிருந்தா உன்ட அம்மா இண்டைக்கு இரிந்திருப்பா," என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். நீ கோபிக்கவில்லை.

"ஓம். அந்த மணி வேணும். அதுக்கு நானும் காசு தருவன். மணி அடி. நான் ஓடுறன். ஓடமாட்டன் எண்டு நிக்கிறவளக் கட்டி இழுக்காத."

"நிக்கிறவள்ட கையில ஒரு புள்ள இரிந்தா?"

"அதுதான் கஸ்டம்," என்றாய். உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு அந்த இருநூறு மீற்றர் வந்தது. கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கட்டை அடித்துச் சிவப்பு மை பூசும் வேலை என் தலையில் விழுந்தது. உன் வளவின் வாவிப்பக்க வேலியோரமாகக் கட்டை விழுந்தது. அதாவது வளவு முழுவதும் தடை. நீ கை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் முட்டாள்தனமாக ஆறுதல் அடைந்தேன். அடுத்த நாள் சனம் நிறைந்திருந்த என் கந்தோருக்குள் வந்து, அந்தக் கட்டையை மண்ணோடு என் மேசையில் வைத்தாய்.

"இது உன்ட சாமான் போலக் கிடக்கு. என்ட வளவுக்குள்ள விட்டுட்டுப் போயிட்ட."

சனம் சிரித்தது. பிரதேச செயலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒரு பொம்பளையைச் சமாளிக்க ஏலாதவள் ஊரை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார். பின்னேரம் உன்னிடம் வந்தேன். வெறும் தரையில் படங்கு கட்டி, கிடுகு வேய்ந்துகொண்டிருந்தாய். கெஞ்சினேன். இன்னொரு முறை கடல் வந்தால் என்று கேட்டேன். கடலுக்குத் தள்ளி உள்ளூரில் நல்ல கல்வீடு கட்டிக் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் நிற்கிறது, கடற்கரைக்குத் திரும்பமாட்டேன் என்று ஒரு கையெழுத்து மட்டும் வை என்றேன்.

"கடல் வாறதும் வராததும் என்ட பாடு. சாகிறதெண்டா நான்தானே சாகப் போறன்? கேட்டாங்களா என்னிட்ட, ஒரு வார்த்தை?"

"எல்லாரிட்டயும் போய்க் கேட்டு ஒரு நாட்ட நடத்த ஏலுமா கா?"

"எல்லாரிட்டயும் கேக்காம நடத்தித்தானே புள்ள இந்த நாடு இந்தக் கோலத்தில கிடக்கு."

ஒவ்வொரு முறையும் கடைசி வசனம் உன்னுடையதாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல். "நீ உன்ட வேலையச் செய். கட்டைய அடி. நான் என்ட வேலையச் செய்யிறன், புடுங்கிறன். இதுக்கு நாம ரெண்டு பேரும் கோவிக்கத் தேவையில்ல," என்று கிடுகைக் கட்டிக்கொண்டே சொன்னாய். பிறகு எனக்குத் தேத்தண்ணி தந்தாய்.

ஆனால் தர்ஷினிக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. கடல் இரைந்தால் எழும்பி இருந்துவிடுவாள். சோறு இறங்காது. அவள்தான் ஒருநாள் உன் முன்னால் நின்று சொன்னாள். "அம்மா, எனக்கு இஞ்ச இரிக்க ஏலா. நான் செங்கலடிக்கு மாமி வீட்ட போறன்." நான் அங்கேதான் இருந்தேன். உனக்குக் கோபம் வரும், அழுவாய், கொள்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு மகளோடு புறப்படுவாய் என்று, உண்மையைச் சொன்னால், ஆசையோடு காத்திருந்தேன். நீ அவளுடைய உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாய்.

"நீயும் வா கா!" என்று கத்தினேன். "தாயில்லயா நீ?"

"அவளுக்குப் பயம், அவள் போறாள். எனக்குப் பயமில்ல, நான் இரிக்கன். இதில என்ன சண்டை கிடக்கு?" என்றாய். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பஸ் புறப்பட்ட பிறகு திரும்பிப் பார்த்தேன். நீ அங்கேயே நின்றாய். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாய். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீன் பொதியோடு என் வீட்டுக்கு வந்தாய், ஒருநாள்கூட "திரும்பி வா" என்று அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை எத்தனை முறை என்னிடம் கேட்டாள் தெரியுமா? "அம்மாக்கு நான் வேணாமா மாமி?" இதற்கு உன் மூன்று வசனத்தில் எதில் பதில் இருக்கிறது? நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு நீதான் வேணும், அவள் அதை உனக்குச் சுமையாக வைக்க விரும்பவில்லை என்று. சொல்லும்போது அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

கொஞ்சக் காலத்தில் அந்த இருநூறு மீற்றரையும் மேலிடமே குறைத்தது. உன் வளவு அனுமதிக்குள் வந்துவிட்டது. நான் ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னேன். துள்ளுவாய் என்று பார்த்தேன். "என்ட வளவில நான் இரிக்க விட்டிரிக்காங்களாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. அதற்காக நான் எத்தனை கூட்டத்தில் வாதாடினேன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா நீ?

மறுபடி சண்டை தொடங்கி, ஷெல்லுக்குத் தப்பிப் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து வந்தபோது, உன் வளவில் கிடுகுக் கொட்டில்கள் முளைத்தன. கிரான் பக்கமிருந்து வந்த வயல்காரக் குடும்பங்கள், மாடு கன்றை விட்டுவிட்டு வந்தவர்கள். யாரும் உன்னிடம் கேட்கவில்லை. நீதான் அவர்களைக் கேட்டாய், இருக்க விருப்பமா என்று. தன்னுடையது தன்னுடையது என்று நிற்கிறவள் சுயநலக்காரி என்று ஊருக்குள் சொன்னவர்கள் அந்த மாதங்களில் உன் கிணற்றடியைப் பார்க்க வேண்டும். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும் நேரங்களில்தான் நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் போர் முடிந்தது. ரவுணில் வெடி கொளுத்தினார்கள். கடைகளெல்லாம் தேசியக் கொடி ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் போனார்கள். நான் பயத்தில் உன் கடைக்கு ஓடி வந்தேன். நீ பாதிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தாய். கொடி இல்லை.

"ஒரு துண்டுத் துணிதானே கா. ஏத்திப்போட்டு இரியன்," என்றேன்.

"சந்தோசமெண்டா நானா ஏத்துவன். துக்கமெண்டா நானா அழுவன். ரெண்டுக்கும் ஓடர் தேவையில்ல."

இன்னொரு பேச்சு பேச வாயைத் திறந்தேன். நீ விரலை உதட்டில் வைத்து, டெலிபோன் பெட்டியைக் கண்ணால் காட்டினாய். கண்ணாடிக் கதவுக்குள்ளே படுவான்கரைத் தாய் ஒருத்தி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்தோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் மீற்றரைப் பார்த்தேன். ஓடவில்லை. லைன் எடுக்கவே இல்லை.

அவளுடைய மகன் வன்னியில் கடைசிவரை நின்றவன். றோட்டில் வெடி கொளுத்தும்போது வீட்டுக்குள் இருந்து ஒப்பாரி வைக்க முடியாது. யார் கேட்பார்கள், யார் போய்ச் சொல்வார்கள் என்று தெரியாது. போனில் அழுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவள் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு கா?" என்றாள். "லைன் கிடைக்கல்லதானே. நாளைக்கும் வந்து பாருங்க," என்றாய். அடுத்தவள் உள்ளே போனாள். வாங்கில் இன்னும் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. கைபேசி வந்து வியாபாரம் செத்துப்போன அந்தக் கடைக்கு அந்த வாரம் முழுக்கச் சனம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தரான நான் வாசலில் கதிரையைப் போட்டு இருந்தேன். யாராவது கேட்டால் லைன் பிழை, அதுதான் இவ்வளவு பேர் என்று சொல்வதற்கு. நீ என்னை இருக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் இருந்தேன். அதை நீ கவனித்தாய் என்பதும் எனக்குத் தெரியும். தேத்தண்ணி வந்தது.

அதன் பிறகு தர்ஷினிக்குக் கல்யாணம் ஆயிற்று. பையனை அவளே பார்த்தாள். உன்னிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அவளுடைய முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் உன் மார்பில் கட்டி என்றார்கள். கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டி எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முதல் தடவை போய் வந்து முடியெல்லாம் கொட்டி, ஒரு மிடறு தண்ணீர் தங்காமல் கிடந்தாய். அடுத்த தடவைக்கு வான் கொண்டு வந்து உன் படலையில் நிறுத்தினேன். நீ பாயில் இருந்துகொண்டு, "நான் வரல்ல புள்ள," என்றாய்.

அன்று காலை நான் பேசாத பேச்சு இல்லை. முதலில் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். பிறகு ஏசினேன். பிறகு கையைப் பிடித்து இழுத்தேன். "நீ கட்டாயம் போகணும்!"

"கட்டாயம் எண்ட சொல்ல நீ விடவே மாட்டயா?" என்றாய், கண்ணை மூடிக்கொண்டு. "என்ட உடம்பு. என்ட கணக்கு."

"உன்ட உடம்பு உனக்கு மட்டும் சொந்தமில்ல! உன்ட மகளுக்கு அதில பங்கில்லயா? எனக்கில்லயா? வகுப்பில இரிந்து உன்னோட மல்லுக்கட்டினதுக்கு எனக்கொரு பங்கும் இல்லயா கா?"

நான் அழுதுகொண்டு கத்தினேன். வான் றைவர் இறங்கி அப்பால் போய்விட்டான். அப்போது வயிற்றைத் தூக்கிக்கொண்டு தர்ஷினி உள்ளே வந்தாள். கடல் சத்தத்துக்குப் பயந்து அந்த வீட்டில் ஒரு பொழுது தங்காதவள், உன் பாயில் உனக்குப் பக்கத்தில் மெல்ல இருந்தாள்.

"அம்மா, நான் கட்டாயப்படுத்தல்ல," என்றாள். "கேக்கிறன். எனக்காகப் போவீங்களா?"

நீ கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாய். பிறகு பாயில் கையை ஊன்றி எழும்பினாய். "எங்க என்ட செருப்பு?" என்றாய்.

அவ்வளவுதான்! விடிந்ததிலிருந்து தொண்டை கிழியக் கத்திய நான் ஒரு பக்கம் நிற்கிறேன். அவள் ஒரு வசனம் கேட்டாள், நீ செருப்புத் தேடுகிறாய். வான் புறப்பட்டதிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை. வழியில், ஹபரணையில் நீ என் பக்கம் சாய்ந்து, "கோவமா?" என்று கேட்டாய். "பேசாம கிட," என்றேன். என் தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டாய்.

அந்த மருந்து உனக்கு ஒன்றரை வருசம் வாங்கித் தந்தது. பேத்தியைத் தூக்கினாய். அவள் நடக்கப் பழகியதைப் பார்த்தாய். விழுந்து எழும்பும்போது தூக்கப் போன என்னைத் தடுத்து, "கை நீட்டினா தூக்கு. நீட்டாட்டி விடு," என்றாய். பிறகு நோய் திரும்பி வந்தது. அந்த முறை மகள் கேட்கவில்லை. உன்னைப் பார்த்தவளுக்குக் கேட்க மனம் வரவில்லை. நீயும் போகவில்லை. உன் வளவில், கடல் பக்கத்து அறையில் போய்ச் சேர்ந்தாய்.

இத்தனை வருசமாக உன்னோடு வாதாடி நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அரசாங்கம் வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். மணி அடிக்க, றோட்டுப் போட, கொழும்பில் அந்த ஆஸ்பத்திரியை நடத்த. நீ ஏறிய வானுக்குப் பெற்றோல் நான் போட்டேன். உனக்கு ஏற்றிய மருந்தை ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேருடைய வரிதான் வாங்கியது. அவர்களில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. இதை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ ஒரு பதில் வைத்திருப்பாய். அந்தப் பதில் என்ன என்று யோசித்து யோசித்து எனக்குத் தலையிடி வந்ததுதான் மிச்சம். ஒரு மனிதன் தனக்கு மட்டும் சொந்தம் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அவனில் எனக்கிருக்கும் பங்கைக் காட்டி நான் அவனிடம் கேட்கலாம், பறிக்கக்கூடாது. இவ்வளவுதான் என் கொள்கை. முக்கால் உன்னுடையது, கால் என்னுடையது. அந்தக் காலுக்காக இன்னும் உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் பேனை எடுத்தேன், சொல்ல மனமில்லாமல் இவ்வளவு எழுதினேன். தர்ஷினி வளவை விற்றுவிட்டாள். வாங்கியவர் ரவுணில் ஓர் ஆள், வெள்ளைக்காரருக்கு விடுதி கட்டப் போகிறாராம். போன மாதம் வந்து சொன்னாள். "எனக்கு அந்தச் சத்தத்தில இரிக்க ஏலா மாமி. புள்ளைகள உள்ளூர்ல வளக்கப் போறன். சாட்சிக் கையெழுத்துக்கு நீங்க வருவீங்களா?"

இயக்கத்துக்கு முன்னால் நின்று, கடலுக்கு முன்னால் நின்று, மேலிடத்துக்கு முன்னால் நின்று நீ பிடித்து வைத்திருந்த மண். நாற்காலி போட்டுப் பியர் குடிக்கப் போகிறார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. நீ இருந்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டாய், அவளுடைய வளவு அவளுடைய விருப்பம் என்று தேத்தண்ணி ஊற்றியிருப்பாய் என்று நினைக்க, அந்தக் கொதிப்பு இரண்டு மடங்காயிற்று. உன் பங்குக் கோபத்தையும் நான்தான் படவேண்டியிருக்கிறது.

போனேன். நொத்தாரிசு காணி உறுதியை வாசித்தார். தர்ஷினி கையெழுத்து வைத்தாள். நானும் வைத்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மாமி, கோவமா?"

"ஓம். நல்ல கோவம்."

"அப்ப ஏன் கையெழுத்து வச்ச நீங்க?"

"நீ கேட்ட, வச்சன்," என்றேன். "வளவு உன்ட புள்ள. கோவம் என்ட. அதில மட்டும் கை வைக்காத."